முதியோர் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையில்: அலிப்பூரை முன்வைத்து

தமிழ் வாசகர் பலருக்கும் அலிப்பூர் என்றதும் நினைவுக்கு வருவது அரவிந்தர் மீதான வெடிகுண்டு வழக்கும், 1908 மே முதல் 1909 மே வரை அவர் அடைபட்டிருந்த சிறையும்தான். ஆய்வு மாணவர்களுக்குப் பெல்வெடர் மாளிகையில் இயங்கிய தேசிய நூலகம் நினைவுக்கு வரலாம். கல்கத்தாவாசிகளுக்கோ அது மருத்துவமனைகளின் வட்டாரம். உட்லண்ட்ஸ், 1969இல் தொடங்கிய சி.எம்.ஆர்.ஐ., கோத்தாரி மருத்துவ மையம், பி.எம். பிர்லா இதய ஆய்வு மையம், ராணுவத்தின் கமாண்ட் மருத்துவமனை எனச் சிறப்பு மருத்துவர்கள் பணிபுரியும் இடங்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. டாலி நாலா என்றும் ஆதி கங்கை என்றும் அழைக்கப்படும் கால்வாயைக் கடந்தால் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. பழைய பிரெசிடென்சி பொது மருத்துவமனைதான் 1954இல் இப்பெயர் பெற்றது. மருத்துவர்களைச் சிறப்பு மருத்துவர்களாக்கும் முதுநிலைக் கல்விக்கென்று இந்தியாவில் முதலில் ஏற்பட்ட நிறுவனமும் அதே வளாகத்தில்தான் 1957இல் தொடங்கியது.

இதே வட்டாரத்திலும் இதைச் சுற்றியும் முதியவர்கள் நெடுங்காலம் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லங்களும் உள்ளன. அலிப்பூரை ஒட்டிய சேத்லாவில் மகளிர் ஒருங்கிணைப்புக் குழு நடத்தும் நபநீர் இருக்கிறது. ‘புதுக்கூடு’ என்பது அப்பெயரின் பொருள். கால்வாயின் மறுகரையில், காளி கோயிலை ஒட்டி, அன்னை தெரசா 1952இல் தொடங்கிய நிர்மல் ஹிருதய். எஸ்.எஸ்.கே.எம். அமைந்துள்ள அதே ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையின் வேறொரு பகுதியில், அது லோயர் சர்க்குலர் சாலை என்று வழங்கிய காலத்திலிருந்தே, ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபையின் முதியோர் இல்லம் உள்ளது. இந்தச் சபை 1882இல் இந்தியாவில் முதன்முதலாகக் கால்பதித்தது கல்கத்தாவில்தான்.

வரைபடத்தில் பார்த்தால் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான். ஆயினும் முதியோர் இல்லவாசி ஒருவர் நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ முதியோர் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவரையோ பார்ப்பது எளிதாக இல்லை. இதற்குப் பணப் பற்றாக்குறையையும் ஆள் பற்றாக்குறையையும் காரணம் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மையே. ஆனால் பணம் வந்த பிறகும் ஆள் வந்த பிறகும் இந்த இடைவெளி ஏன் அப்படியே நீடிக்கிறது என்ற கேள்விக்கு அவை விடையாகா. இந்தியாவில் இல்லமும் மருத்துவமனையும் வெவ்வேறு கைகளில் பிறந்து, வெவ்வேறு பணத்தில் வளர்ந்து, வெவ்வேறு சட்டங்களுக்குள் அடங்கியவை. அந்த வரலாற்றில்தான் விடையைத் தேட வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஆங்கிலேயர் ‘நர்சிங் ஹோம்’ என்றால் முதியவர்கள் இறுதிவரை தங்கி மருத்துவக் கவனிப்புப் பெறும் விடுதியை நினைப்பார்கள். கல்கத்தாவிலும் சென்னையிலும் நர்சிங் ஹோம் என்பது பத்துப் பதினைந்து படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. குடல்வாலை அகற்றவும் பிரசவம் பார்க்கவும் போகும் இடம். உட்லண்ட்ஸும் பல்லாண்டு அப்பெயரில்தான் அறியப்பட்டது. சொல் இறக்குமதியானது, அது சுட்டிய நிறுவனம் வரவில்லை. முதியவர் நீண்ட காலம் தங்கவும் அங்கேயே மருத்துவம் பெறவும் உரிய இடத்துக்கு நம் நிர்வாக மொழியில் இன்றும் நிலைத்த பெயர் கிடையாது. ‘முதியோர் இல்லம்’ என்ற சொல்லில் உறைவிடம் இருக்கிறது, மருத்துவம் இல்லை.

இந்த நிறுவனம் ஏன் வரவில்லை என்று பார்க்கும்போது இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1834இல் திருத்தியமைக்கப்பட்ட அச்சட்டத்தின்கீழ் அந்நாட்டில் ‘வொர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழையர் விடுதிகள் பெருகின. உடல் வலுவுள்ளவரை வேலை வாங்கவே அவை ஏற்பட்டன என்றாலும், காலப்போக்கில் அவற்றை நிறைத்தவர்கள் கிழவர்களும் நோயாளிகளுமே. அவர்களுக்கென்று விடுதியோடு சேர்ந்த நோயர் கூடங்கள் எழுந்தன. கொடுமையான இடங்கள்தாம், ஆங்கில நாவல்கள் அவற்றை நன்றாகவே பழித்திருக்கின்றன. ஆனால் அவை அரசின் பொறுப்பில் இருந்தன. ஏழை முதியவர் ஒருவரைக் கைகழுவ முடியாத கடமை உள்ளாட்சிக்கு இருந்தது.

இந்தியாவுக்குப் பீனல் கோடும் ரயிலும் வந்தன. ஏழையர் சட்டம் வரவில்லை. கூட்டுக்குடும்பமும் சாதியும் அறச்சாலையும் தம் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்று காலனிய அரசு நம்பியது, அல்லது நம்புவது செலவில்லாதது என்று கண்டுகொண்டது. 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் குழுவின் பரிந்துரைகளையொட்டி மாகாணங்களில் உருவான பஞ்ச விதித்தொகுப்புகள், வேலை செய்ய இயலாத முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் இலவச உதவி வழங்க இடமளித்தன. அந்த இடமும் பஞ்சம் நீடிக்கும் வரைதான். மழை பெய்ததும் முதியவர் மீண்டும் குடும்பத்தின் பொறுப்பு. வொர்க்ஹவுஸ் என்ற பெயரில் இந்தியாவில் இயங்கியவை, வேலையின்றி அலைந்த ஐரோப்பியருக்கானவை. 1874ஆம் ஆண்டின் ஐரோப்பிய நாடோடியர் சட்டம் அவற்றுக்கு அடிப்படை. வெள்ளைத் தோல் தெருவில் பிச்சையெடுப்பது ஆட்சிக்கு இழுக்கு என்ற கவலையே அங்கே பேசியது.

அவ்வாறாயின் மக்களை நெடுங்காலம் ஓரிடத்தில் வைத்துப் பராமரித்த அரசு நிறுவனங்களே இந்தியாவில் இல்லையா என்றால், இருந்தன. மனநோயர் காப்பகம், தொழுநோயர் காப்பகம், சிறை. அலிப்பூர் இங்கேதான் மீண்டும் வருகிறது. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், ஒவ்வொரு சிறையிலும் கண்காணிப்பாளருக்கும் ஜெயிலருக்கும் இணையாக ஒரு மருத்துவ அலுவலர் இருக்க வேண்டும் என்று விதித்தது. நோயுற்ற கைதிகளுக்கென ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ தக்க இடமோ அமைக்கப்பட வேண்டும் என்றும் அது கூறியது. அரவிந்தர் வங்காளத்தில் எழுதிய ‘காராகாஹினி’யில், சிறை மருத்துவர் டேலியையும் உதவி மருத்துவர் பைத்யநாத் சட்டர்ஜியையும் நன்றியோடு குறிப்பிடுகிறார். தனிக்கொட்டடிக்கு வெளியே வந்து நடமாட அவருக்கு அனுமதி கிடைத்தது மருத்துவரின் சொல்லால்தான். சிறை மருத்துவம் சிறந்திருந்தது என்பதல்ல இதன் பொருள். சட்டம் சொன்னதற்கும் சிறையில் நடந்ததற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைக் கைதிகளின் நினைவுக்குறிப்புகள் வேண்டிய மட்டும் காட்டும். ஆனால் மருத்துவர் உள்ளேயே இருக்க வேண்டும் என்ற கடமை எழுத்தில் இருந்தது. அதை மீறினால் சுட்டிக்காட்ட ஒரு பிரிவு இருந்தது. ஒரு கைதிக்கு 1894இல் ஏட்டில் கிடைத்த இந்த உறுதி, இந்திய முதியோர் இல்லவாசிக்கு நாடு முழுமைக்குமான எந்தச் சட்டத்திலும் இத்தனை நேரடியான சொற்களில் கிடைக்கவில்லை.

அரசு விலகி நின்ற இடத்தை அறம் நிரப்பியது. கல்கத்தாவில் 1830இல் தொடங்கிய மாவட்ட அறக்கொடைச் சங்கம் வறியோருக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் அளித்தது. துவாரகாநாத் தாகூர் 1838இல் வறிய பார்வையற்றோருக்காக அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். அக்கால மதிப்பில் மலைக்க வைக்கும் தொகை. சிறிய சகோதரிகள் சபையின் முறை வேறு. 1839இல் பிரான்சின் சான் செர்வான் ஊரில் ழான் ஜுகான், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் படுக்கையில் கிடத்தியதில் தொடங்குகிறது அச்சபையின் கதை. வீடு வீடாகச் சென்று இரந்து முதியோரைக் காப்பது அவர்களின் ஒழுக்கம். இரந்து பெறும் வாழ்வில் அரிசி, துணி, மருந்து, மருத்துவரின் நேரம் ஆகிய அனைத்தும் கொடைதான். இந்த மரபை இழிவாகப் பேசுவதற்கில்லை. அரசும் குடும்பமும் கைவிட்டவர்களை நூறாண்டுக்கு மேலாகக் கழுவித் துடைத்துச் சோறூட்டியவர்கள் இவர்களே. என்றாலும் கொடையின் இலக்கணம் ஒன்று உண்டு: கொடுப்பவர் வரும்போது வரும். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும் நல்ல மனம் கொண்ட மருத்துவர், அடுத்த ஞாயிறு வராமற்போனால் கேட்பதற்கு இல்லவாசிக்கு உரிமை ஏதும் இல்லை. அவர் எலும்பு மருத்துவரா தோல் மருத்துவரா என்பதும் தற்செயல்.

இங்கிலாந்தில் நடந்ததை இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் நியூயார்க்கில் பணியாற்றிய இக்னாட்ஸ் நாஷர். ஆனால் அச்சொல் ஒரு துறையாக உருப்பெற்றது லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸில். 1935இல் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த பழைய ஏழையர் சட்ட நோயர் கூடத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, அங்கே கிடந்த 714 பேரின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. விருப்பப்பட்டுப் பெற்ற பணியன்று. பக்கவாதம் வந்தவர், இடுப்பு முறிந்தவர், சித்தம் தடுமாறியவர், போக்கிடம் இல்லாதவர் என எல்லோரும் ஒரே கூடத்தில், பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே. வாரன் செய்த முதற்செயல் ஒவ்வொருவரையும் பரிசோதித்து அவருக்கு என்ன நோய் என்று எழுதியது. எளிய செயல், அதுவரை எவரும் செய்யாதது. படுக்கையில் கிடப்பதே நோயாகிவிட்டவர்களை எழுப்பி உட்காரவைத்தார், நடக்கவைத்தார். சுவருக்கு வண்ணம் பூசச் செய்தார், விளக்கைக் கூட்டினார். கணிசமானவர்கள் வீடு திரும்பினார்கள். 1943இலும் 1946இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் முதியோர் மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்க வேண்டும் என்று வாதிட்டன. 1947இல் அத்துறையினரின் சங்கம் உருவாயிற்று. மறு ஆண்டே தோன்றிய தேசிய மருத்துவச் சேவையில் அத்துறைக்கு இடமும் கிடைத்தது.

ஆகவே பிரிட்டனில் முதியோர் மருத்துவம் பிறந்த அறை, முதியோர் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த அறையேதான். சிறப்பு மருத்துவர் இல்லத்தைத் தேடிப் போகவில்லை. கேட்பாரற்ற இல்லத்திலிருந்துதான் சிறப்புத்துறையே எழுந்தது. வொர்க்ஹவுஸ் என்ற கொடிய நிறுவனம் வரலாற்றுக்கு விட்டுச்சென்ற ஒரே நன்மை இதுவாக இருக்கலாம். ஏழையர் சட்டம் வராத இந்தியாவில் இப்படி 714 பேர் ஒரு மருத்துவரின் கணக்கில் வந்து விழ வாய்ப்பே ஏற்படவில்லை.

இந்தியாவில் ஒரு வெளிநாட்டு மருத்துவர் இல்லம் ஒன்றுக்குள் நுழைந்து பார்த்த நிகழ்ச்சி பெரும் பூசலாக முடிந்தது. 1994இல் லான்செட் இதழின் ஆசிரியராக இருந்த ராபின் ஃபாக்ஸ் காளிகாட்டின் நிர்மல் ஹிருதய்க்குச் சென்றுவந்து செப்டம்பரில் ஒரு கட்டுரை எழுதினார். அது முதியோருக்கு மட்டுமான இல்லமன்று. தெருவில் கிடந்த நோயாளிகளுக்கும் சாகக் கிடந்தவர்களுக்கும் உரியது. எனினும் நாம் பேசும் சிக்கலை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறொன்று கிடைப்பது அரிது. தூய்மையையும், புண்களைப் பேணிய விதத்தையும், சகோதரிகளின் கனிவையும் ஃபாக்ஸ் பாராட்டினார். அவரை உறுத்தியது வேறு. மருத்துவர்கள் அவ்வப்போது வந்து போனார்கள். மற்ற நேரங்களில் சகோதரிகளும் தன்னார்வலர்களும் தமக்குத் தெரிந்த அளவில் முடிவெடுத்தார்கள். குணப்படுத்தக்கூடியவரையும் இயலாதவரையும் பிரித்தறிய முறையான வழி இல்லை. கடுமையான காய்ச்சலோடு சேர்க்கப்பட்டிருந்த இளைஞர் ஒருவருக்கு டெட்ராசைக்ளினும் பாரசிட்டமாலும் கொடுக்கப்பட்டிருந்தன. பிறகு வந்த மருத்துவர் ஒருவர் மலேரியாவாக இருக்கலாம் என்று கருதி மருந்தை மாற்றினார். இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டுப் பார்த்திருக்கலாகாதா என்று ஃபாக்ஸ் கேட்டபோது, பரிசோதனைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை என்ற விடை கிடைத்தது.

இந்த இடத்தில் கல்கத்தா வரலாறு தெரிந்தவர் சற்றே நிற்பார். நிர்மல் ஹிருதயிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில், பிரெசிடென்சி பொது மருத்துவமனை வளாகத்து ஆய்வகத்தில்தான், 1898இல் ரொனால்ட் ராஸ் கொசுவின் வழியாகப் பறவைகளுக்கு மலேரியா பரவும் முறையை முழுமையாகக் கண்டறிந்தார். அவருடைய மலேரியா ஆய்வுகளுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் நினைவாக எழுப்பிய வாயில் இன்றும் அந்த மருத்துவமனையில் நிற்கிறது. மலேரியாக் கிருமியைத் தேடி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டுப் பார்க்கும் கலை உலகப் புகழ் பெற்ற வளாகத்துக்கும், அதே சோதனைக்கு இடமில்லாத கூடத்துக்கும் இடையே 96 ஆண்டுகளும் இரண்டு கிலோமீட்டரும்தான்.

ஃபாக்ஸுக்கு எதிர்ப்பும் வந்தது. பிரிட்டனின் ஹாஸ்பிஸ் ஒன்றின் அளவுகோலைக் காளிகாட்டில் வைப்பது முறையல்ல என்றும், வலி தணிக்கும் வலிய மருந்துகள் இந்தியா முழுவதிலுமே கிடைப்பது அரிதாயிருக்கச் சகோதரிகளை மட்டும் குறை சொல்வதேன் என்றும் லான்செட்டிலேயே பதில் கடிதம் வெளிவந்தது. அதில் நியாயம் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைமருந்துத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு உரிமங்களின் கெடுபிடியால் இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 573 கிலோவிலிருந்து 1997இல் 18 கிலோவாகச் சரிந்தது. பெரிய மருத்துவமனைகளிலேயே கிடைக்காத மருந்தை அறநிலையம் ஒன்று எங்கே தேடும்? ஆனாலும் அந்த விவாதம் முழுவதும் அன்னை தெரசாவின் நம்பிக்கையையும் நோக்கத்தையும் பற்றியதாகவே திரும்பிவிட்டது பெரிய இழப்பு. அவர் புனிதரா அல்லரா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டிருக்கையில், அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்கு அந்தக் கூடத்தின்பால் இருந்திருக்க வேண்டிய கடமை என்ன என்று கேட்டவர் மிகச் சிலர்.

அதே ஆண்டுகளில் கோழிக்கோட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மயக்க மருந்து வல்லுநர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் 1993இல் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரணப் பிரிவு, மெல்ல வீடுகளுக்கே சென்று பார்க்கும் இயக்கமாக வளர்ந்து, 2008இல் கேரள அரசின் கொள்கையாயிற்று. செவிலியரும் தன்னார்வலரும் முதலில் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் கேட்டால் விடை சொல்ல ஒரு சிறப்பு மருத்துவர் இருப்பார். நிர்மல் ஹிருதயிலும் செவிலிப் பணியும் தன்னார்வலரும் இருந்தன. இல்லாதது அந்தப் பின்னால் நிற்கும் மருத்துவர்தான்.

சென்னையின் கதை இந்த வரலாற்றில் தனியிடம் பெறுவது. 1978ஆம் ஆண்டு அங்கே இரண்டு தொடக்கங்கள் நிகழ்ந்தன. சாவித்திரி வைத்தி, ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக ‘விஸ்ராந்தி’ என்ற கட்டணமில்லா இல்லத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு அரசு பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். பிரிட்டனில் அத்துறையைக் கற்றுத் திரும்பியவர் அவர். பின்னர் படுக்கைப் பிரிவும் வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கியது. நடராஜனுக்கு 2012இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இரண்டும் போற்றத்தக்க முயற்சிகள். ஒரே நகரில், ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டும் இரட்டைக் குழந்தைகளாக வளர்ந்திருக்கலாம். ஒன்று பெண்களின் தொண்டு மரபிலிருந்து வந்தது, மற்றது அரசு மருத்துவக் கல்வியிலிருந்து வந்தது. இல்லத்தின் தேவையையும் கல்லூரியின் பயிற்சியையும் ஒன்றாகப் பிணைக்கும் ஏற்பாடு எதையும் அரசு செய்யவில்லை. வாரனின் துறை கூடத்தில் பிறந்தது. இந்தியத் துறை புறநோயாளிப் பிரிவில் பிறந்தது. புறநோயாளிப் பிரிவு என்பது, தானாக நடந்து வரக்கூடியவரையோ அழைத்து வர ஆள் உள்ளவரையோ எதிர்பார்த்து நிற்கும் இடம்.

பின்வந்த கொள்கைகள் இந்தப் பிளவை அப்படியே நிர்வாகமாக்கின. முதியோர் இல்லங்களுக்கு மானியம் வழங்கும் ஒருங்கிணைந்த முதியோர் திட்டம் 1992இல் தொடங்கியது. அது சமூகநீதி அமைச்சகத்தின் கையில். முதியோர் நலத்துக்கான தேசிய மருத்துவத் திட்டம் 2010இல் தொடங்கியது. அது சுகாதார அமைச்சகத்தின் கையில். முதலாவது இல்லத்தை அறியும். அதன் பட்டியலில் மருத்துவர் பகுதிநேரமாக வந்து போகிறவர். இரண்டாவது சிறப்பு மருத்துவத்தை அறியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் மருத்துவம், மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை, மண்டல மையத்தில் 30 படுக்கை என்று அதன் ஏணி மேலே செல்கிறது. படுத்த படுக்கையானவரை வீட்டில் சென்று பார்ப்பதும் அத்திட்டத்தில் உண்டு. ஆனால் முதியோர் இல்லம் என்பது அந்த ஏணியில் ஒரு படியாக இடம்பெறவில்லை. டெல்லி, வாராணசி, ஸ்ரீநகர், திருவனந்தபுரம், குவாஹாத்தி, சென்னை, ஜோத்பூர், மும்பை ஆகிய எட்டு நகரங்களில் முதல் மண்டல மையங்கள் அமைந்தன. கல்கத்தா அந்தப் பட்டியலில் இல்லை. ஆசியாவின் மூத்த மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றான கல்கத்தா மருத்துவக் கல்லூரி அடுத்த கட்டத்தில்தான் சேர்க்கப்பட்டது.

இவ்விரு திட்டங்களுக்கும் நடுவே வந்தது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 150 வறிய முதியோருக்கு இடமளிக்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. ‘அமைக்கலாம்’ என்ற அந்த வினைமுற்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இல்லத்தில் மருத்துவ வசதிக்கான தரத்தை வகுப்பதும் மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 20ஆம் பிரிவு மருத்துவ உதவியைப் பற்றியது: அரசு மருத்துவமனைகளில் இயன்றவரை படுக்கை, முதியோருக்குத் தனி வரிசை, முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள அலுவலரின் தலைமையில் மாவட்ட மருத்துவமனையில் தனி வசதி. இரண்டு பிரிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகியுள்ளன. ஆனால் 19ஆம் பிரிவில் வாழும் முதியவர் 20ஆம் பிரிவிலுள்ள மருத்துவரிடம் எப்படிப் போய்ச் சேருவார் என்று இரண்டுமே சொல்லவில்லை. தனி வரிசை நல்ல ஏற்பாடுதான், வரிசையில் நிற்கக்கூடியவருக்கு.

நிற்க முடியாதவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். எண்பது வயதைக் கடந்த ஒருவர். மறதிநோய், சர்க்கரை, கண்புரை, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று. பார்க்க வேண்டிய மருத்துவர்கள் நால்வர், நால்வரும் வெவ்வேறு கிழமைகளில் அமர்பவர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வண்டி வேண்டும், உடன்செல்ல ஓர் ஆயா வேண்டும். அந்த ஆயா போய்விட்டால் இல்லத்தில் மற்றவர்களுக்கு மதியம் வரை ஆள் குறைவு. பழகாத கூட்டத்திலும் இரைச்சலிலும் மறதிநோயாளி கலங்கிப்போவார். கலங்கியவரிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. உடன்வந்த ஆயாவுக்கு அவருடைய பழைய மருத்துவ வரலாறு தெரியாது. நால்வர் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்க்கும் ஐந்தாமவர்தான் முதியோர் மருத்துவர், அவர் இல்லை. இவ்வளவையும் நினைத்துப் பார்க்கும் இல்லப் பொறுப்பாளர், அவசரம் என்று தோன்றும் வரை அழைத்துச் செல்லாமல் காத்திருப்பது இயல்பு. அவசரம் வந்தபின் போவது சிறப்பு மருத்துவரிடம் அன்று, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

காப்பீட்டுத் திட்டங்களும் இந்தப் போக்கையே வலுப்படுத்துகின்றன. மேற்கு வங்கத்தின் ஸ்வாஸ்த்ய சாத்தியும், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டமும், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. இடுப்பு எலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு. அதற்கு முன்பே கண்ணையும் நடையையும் தூக்க மாத்திரையையும் சோதித்து விழாமல் காத்திருக்கக்கூடிய ஒரு வருகைக்கு அவற்றில் இடமில்லை.

நெதர்லாந்து வேறு வழியில் சென்றது. முதியோர் பராமரிப்பு விடுதிகளில் பணியாற்றுவதையே ஒரு மருத்துவச் சிறப்புத்துறையாக 1990இல் அங்கீகரித்த முதல் நாடு அது. அதற்கென மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற மருத்துவர், விடுதியின் ஊழியராகவே அங்கு பணிபுரிகிறார். செல்வ நாட்டின் ஏற்பாட்டை அப்படியே இங்கே நடுவது இயலாது. ஆனால் ‘இல்லத்து மருத்துவர்’ என்பது தொண்டுள்ளம் கொண்டவரின் ஓய்வுநேரப் பணியாக மட்டுமே இருந்தாக வேண்டும் என்பது இயற்கை விதியன்று என்பதை அது காட்டுகிறது.

இந்தியாவில் அண்மையில் நிகழ்ந்த மாற்றம் கொரோனாக் காலத்தில் வந்தது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், மறதிநோய் போன்றவற்றால் பேச இயலாத நோயாளியின் சார்பில் பராமரிப்பாளரே மருத்துவரோடு பேசலாம் என்று ஏற்றுக்கொண்டன. இல்லத்துக் கட்டிலின் அருகே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் செவிலி முதன்முறையாக விதிகளுக்குள் வந்தார். மருந்துகளைச் சரிபார்க்கவும், அழைத்துவர வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கவும் இது உதவும். முதுகுப் படுக்கைப் புண்ணின் ஆழத்தைத் திரை காட்டாது. விழுங்கும்போது புரையேறுவதைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது.

2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, முதியோர் இல்லங்களைப் பதிவு செய்வதையும் அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுப்பதையும் சட்டத்துக்குள் கொண்டுவர முனைந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஆராய்ந்து 2021இல் அறிக்கை அளித்தது. விவாதத்துக்கு வராமலேயே, 2024இல் 17ஆம் மக்களவையோடு அம்மசோதா காலாவதியாயிற்று. அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. அலிப்பூர் மத்தியச் சிறையோ 2019இல் பாருய்ப்பூருக்கு இடம்பெயர்ந்து, 2022 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. மருத்துவ அலுவலர் இருந்தாக வேண்டும் என்ற விதி கைதிகளோடு புதிய சிறைக்குப் போயிற்று. சேத்லா இல்லத்துக்கு மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்பதைச் சொல்லும் விதி இன்னும் எழுதப்படவில்லை.